ஒரு நாளைக்கு ஓர் ஈரடி: சேலத்திலிருந்து பாரசீகக் கவிதைக்குள் போகும் வழி

ஜாகீர் அம்மாபாளையம் என்ற போர்டைப் பார்த்து டவுன் பஸ் ஏறுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பாரசீகக் கூட்டுச்சொல்லைப் படித்துவிடுகிறார். ‘ஜா’ என்றால் இடம், ‘கீர்’ என்றால் பிடித்திருப்பவர். உலகைப் பிடித்தவர் ஜஹான்கீர். ‘தில்’ என்ற நெஞ்சோடு அதே ‘கீர்’ சேர்ந்தால் ‘தில்கீர்’, அதாவது மனம் வாடியவர். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போன பகுதி இது. திப்புவின் அரசாங்க மொழி பாரசீகம். அதன் மிச்சம் இன்னும் தாலுகா ஆபீஸில் தஸ்தாவேஜாகவும், திருவிழாக் கூட்டத்தில் பந்தோபஸ்தாகவும், பீடாக் கடையில் குல்கந்தாகவும் கிடக்கிறது. குல் ரோஜா, கந்து சர்க்கரை. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸைப் படிக்க உட்காரும்போது இந்த இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

ஆகவே சொல் பெரிய தடையல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இந்தக் கவிதையை ஆங்கில மொழிபெயர்ப்பில், பொன்மொழியாக, ஸ்டேட்டஸில் பார்க்கிறோம். ஓசை போய்விட்ட பாரசீகக் கவிதை, சுவரில் மாட்டிய வீணை மாதிரிதான். அழகாக இருக்கும், சத்தம் வராது. எனவே இந்த முறையில் காதுதான் முதலில், கண் அப்புறம்.

தேவைப்படுவது கொஞ்சம்தான். நீளமான ஒரு நோட்டு, இயர்போன், ‘கஞ்சூர்’ என்ற ஈரானிய இணையத் தொகுப்பு. பழம்பெரும் கவிஞர்கள் அநேகமாக எல்லாருமே அதில் இருக்கிறார்கள். பல கவிதைகளுக்கு வாசிப்பு ஒலிப்பதிவு உண்டு, சந்தத்தின் பெயரும் போட்டிருக்கும். அகராதி வேண்டுமென்றால் 1892-ல் வந்த ஸ்டைன்காஸ் அகராதி இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. நேரம் நாளைக்கு 20 நிமிஷம், அளவு ஓர் ஈரடி, வாரத்தில் ஐந்து நாள். சாதி என்ற கவிஞரின் மூன்று ஈரடி, ரூமியின் பதினெட்டு, கய்யாமின் பத்து ருபாயி (நான்கடிப் பாட்டு), ஹாஃபிஸின் மூன்று கஜல் (ஒரே ஓசையில் முடியும் ஈரடிகள் கோத்த பாட்டு), எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 70 ஈரடி. 14 வாரத்தில் முடியும். வேகமாக முடிக்கப் பார்ப்பவர்கள்தான் மூன்றாவது வாரம் நோட்டை மூடிவைப்பார்கள்.

உச்சரிப்பில் முதல் நாளே ஒரு பக்கம் சாய்ந்துவிடுங்கள். ஈரானியர் ‘தெல்’, ‘கொல்’ என்பதை இந்தியாவில் பாரசீகம் படித்தவர்கள் ‘தில்’, ‘குல்’ என்றார்கள். இரண்டும் சரி, கலப்பதுதான் குழப்பம். கீழே இந்திய முறையே வருகிறது. ஒலிப்பதிவில் ஈரானிய முறை கேட்கும். ஒரு வாரத்தில் காது தானாக மாற்றிக்கொள்ளும்.

அளவு பிடிப்பது

தமிழ் யாப்பு கொஞ்சம் தெரிந்திருந்தாலும் பாதி வேலை மிச்சம், ஆனால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நமக்குத் தனிக் குறிலும் நேரசை, தனி நெடிலும் நேரசை. அந்தச் சலுகை இங்கே கிடையாது. குறில் தனியே நின்றால் குட்டை. நெடில், அல்லது குறிலோடு ஓர் ஒற்று வந்தால் நெட்டை. நெடிலோடு ஒற்றோ, குறிலோடு இரண்டு ஒற்றோ வந்தால் ஒரு நெட்டையும் ஒரு குட்டையும் சேர்ந்ததாகக் கணக்கு. இரண்டு விலக்கு உண்டு: நெடிலுக்குப் பின் வரும் ‘ன்’ கணக்கில் வராது, அடியின் கடைசி அசை எப்படி இருந்தாலும் நெட்டைதான்.

வாய்பாடாக அரபுச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிடத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ‘நிலாவே நிலாவே நிலாவே நிலா’ என்று மேசையில் தட்டிப் பாருங்கள். ஃபிர்தௌசி 1010-ல் முடித்த ஷாநாமாவின் ஏறக்குறைய 50,000 ஈரடிகளும் இந்த நடைதான். சாதியின் புகழ்பெற்ற அடியும் அதுவே:

ப-னீ-ஆ | த-மஃ-ஸா | யெ-யக்-தீ | க-ரந்த்

எழுத்தில் அது ‘பனீ ஆதம் அஃஸாயெ யக்தீகரந்த்’. ‘ஆதம்’ என்பதன் கடைசி மெய் அடுத்த உயிரோடு ஒட்டி ‘மஃ’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள். நாம் ‘மாதமாடி’ என்று புணர்த்துவது போலத்தான். சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தால் தாளம் உடையும். ஆரம்பத்தில் அளவு சரியாக வராததற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுவாகவே இருக்கும்.

மூன்று ஈரடியின் பொருள்: ஆதமின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உறுப்புகள், படைப்பில் ஒரே மணியிலிருந்து வந்தவர்கள், காலம் ஓர் உறுப்புக்கு வலி கொடுத்தால் மற்ற உறுப்புகளுக்கு நிம்மதி இராது, அடுத்தவர் துன்பத்தில் கவலையில்லாத உனக்கு ஆதமி என்று பெயர் வைக்கத் தகாது. முதல் அடியில் ‘ஆதம்’ என்று தொடங்கி, கடைசிச் சொல்லாக ‘ஆதமி’யில் முடிகிறது. இதைச் சுவரொட்டி வாசகமாகப் படிப்பது வழக்கம். 1258-ல் எழுதிய குலிஸ்தானில் இது இருக்கும் இடம் வேறு. டமாஸ்கஸ் மசூதியில், யஹ்யா நபியின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்தில், எதிரிக்குப் பயந்து ‘எனக்காக வேண்டிக்கொள்’ என்று வந்து நிற்கும் ஒரு கொடுங்கோல் அரசனிடம் சொல்லும் பேச்சோடு சேர்ந்து வருகிறது. கடைசி ஈரடியில் ‘நீ’ என்பது யார் என்று தெரிந்த பிறகு படித்துப் பாருங்கள், குரல் மாறும்.

இரண்டாவது நடைக்கு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை நினைத்துக்கொண்டு, ‘ஆடிமாதம் கூடுமூரே கோயிலே’ என்று தட்டுங்கள். ரூமியின் மஸ்னவி, ஆறு புத்தகமும் சுமார் 25,000 ஈரடியும், இந்தத் தாளத்தில்தான் ஓடுகிறது:

பிஷ்-ந-வீன்-நை | சூன்-ஷி-கா-யத் | மீ-கு-நத்

‘இந்த நை எப்படி முறையிடுகிறது, கேள், பிரிவுகளின் கதையைச் சொல்கிறது.’ இந்தியப் பதிப்புகளில் ‘பிஷ்னவ் அஸ் நை’ என்று தொடங்கி, முறையீடும் கதையும் இடம் மாறியிருக்கும். இரண்டு பாடமும் வழக்கில் உள்ளவை, அச்சுப் பிழை என்று திருத்த வேண்டாம். நையைப் ‘புல்லாங்குழல்’ என்று மொழிபெயர்த்தால் மட்டும் வழி தவறிவிடும். குறுக்கே பிடித்த மூங்கிலும் கண்ணனும் மனசில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நை நாணலில் செய்தது, முனையில் வாய் வைத்து நேராக ஊதுவது. இரண்டாவது ஈரடியில் ‘நாணற்காட்டிலிருந்து என்னை வெட்டி எடுத்த நாள் முதல்’ என்று அது அழுகிறது. நாணல் என்று தெரியாதவருக்கு அந்த வெட்டு வலிக்காது.

இந்தப் பதினெட்டு ஈரடியையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒன்றாகச் சொல்லிப் போனாலும் இரண்டு வளைவு கையில் நிற்கும்.

ரூமி பெயரில் சுற்றும் பொன்மொழிகளுக்கு ஒரே சோதனைதான்: எந்தப் புத்தகம், எத்தனையாவது ஈரடி? மஸ்னவிக்கு நிக்கல்சன் 1925 முதல் 1940 வரை வெளியிட்ட பதிப்பில் ஒவ்வோர் ஈரடிக்கும் எண் உண்டு. எண் இல்லாமல் வரும் ரூமியை, அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், நோட்டில் ஏற்றாதீர்கள்.

கய்யாம்: மூன்று தட்டு

உமர் கய்யாமை நமக்குக் கவிமணி கொடுத்தார், கவிமணிக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் 1859 ஆங்கில மொழிபெயர்ப்பு கொடுத்தது. இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பாரசீக ருபாயியில் இருப்பது ஒரு குடுவைச் செம்மது, ஒரு கவிதைத் தொகுதி, உயிர் நிற்க மட்டும் போதுமான பாதி ரொட்டி, நீயும் நானும் ஒரு பாழிடத்தில். சுல்தானின் ராஜ்யத்தைவிட இது மேல். ஃபிட்ஸ்ஜெரால்டு அதற்கு மரக்கிளையும் சொர்க்கமும் கொடுத்தார். கவிமணி ‘கையில் கம்பன் கவியுண்டு’ என்றார். பாழிடம் வனமானது, பாதி ரொட்டியைக் காணோம். மூலத்தில் அந்தப் பாதி ரொட்டிதான் சுல்தானோடு மோதுகிறது. தமிழ்ப் பாட்டு குறைந்தது என்று சொல்லவில்லை. அது வேறு பாட்டு, அவ்வளவுதான்.

அதே பாட்டு இன்னொன்றையும் கற்றுக்கொடுக்கும். நிழலுண்டு, காற்றுண்டு, கவியுண்டு, மதுவுண்டு என்று அடிதோறும் கடைசியில் திரும்பும் அந்த ‘உண்டு’தான் பாரசீகத்தில் ரதீஃப். அங்கே ஒரு நிபந்தனை கூடுதல்: ரதீஃபுக்கு முன்னால் நிற்கும் சொற்களும் ஒன்றோடொன்று ஓசை ஒத்திருக்க வேண்டும், அது காஃபியா. நமக்கு எதுகை அடியின் தலையில், அவர்களுக்கு வாலில். ருபாயியில் முதல், இரண்டாம், நான்காம் அடிகளுக்குக் காஃபியா கட்டாயம். மூன்றாவது அடி பெரும்பாலும் விடுபட்டு நிற்கும், திருப்பம் அங்கேதான் தயாராகும். வாசிக்கும்போது மூன்றாவது அடிக்குப் பின் ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

கய்யாம் (1048–1131) கணித அறிஞர், முப்படிச் சமன்பாடுகளில் வேலை செய்தவர். அவர் பெயரில் உள்ள ருபாயிகளில் ஏராளமானவை அவருடையவை அல்ல. யார் எழுதியது என்ற வழக்கில் மாட்டிக்கொள்ளாமல் பத்தைப் படித்துவிட்டு நகர்வது நல்லது.

ஹாஃபிஸை நெருக்கத்தில்

ஷீராஸில் வாழ்ந்து 1390 வாக்கில் இறந்த ஹாஃபிஸை எடுத்ததும் தொடாதீர்கள் என்பது எங்கள் கண்டிப்பான யோசனை. கஜலில் ஒவ்வோர் ஈரடியும் குறள் மாதிரி தனியாக நிற்கக்கூடியது. கதை தொடரும் என்று எதிர்பார்த்தவர் மூன்றாவது ஈரடியில் ‘தொடர்பே இல்லையே’ என்று சலித்துக்கொள்வார். தொடர்பு பொருளில் அல்ல, சந்தத்திலும் ரதீஃபிலும் இருக்கிறது. காது தயாராகாமல் அது கேட்காது.

முதலில் எடுக்க ஏற்றது அவருடைய திவானில், அதாவது கவிதைத் தொகுப்பில், மூன்றாவதாக வரும் கஜல், ஒன்பது ஈரடி. தாளத்துக்கு ‘நிலாமேலே’ நான்கு தடவை:

அ-கர்-ஆன்-துர் | கெ-ஷீ-ரா-ஸீ | ப-தஸ்-தா-ரத் | தி-லே-மா-ரா
ப-கா-லே-ஹின் | து-யஷ்-பக்-ஷம் | ச-மர்-கன்-தோ | பு-கா-ரா-ரா

‘அந்த ஷீராஸ் துருக்கி எம் நெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டால், அந்தக் கரிய மச்சத்துக்குச் சமர்கந்தையும் புகாராவையும் கொடுத்துவிடுவேன்.’

‘துர்கெ’ என்பதில் குறில் எ, ‘திலே’ என்பதில் நெடில் ஏ. இரண்டும் ஒரே உருபு, ஒரு சொல்லை அடுத்ததோடு கட்டும் இஸாஃபத். சந்தத்துக்குத் தேவைப்பட்டபடி அது குறுகும், நீளும். பாரசீக எழுத்தில் பெரும்பாலும் அதை எழுதுவதே இல்லை, வாசிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் எ-ஏ, ஒ-ஓ தனித்தனியாக இருப்பதால் நம் நோட்டில் அளவோடு எழுதிவைக்க முடிகிறது. உர்து தெரிந்த நண்பருக்குக்கூட இல்லாத வசதி இது. ‘சமர்கன்தோ புகாரா’வில் வரும் ஓ, ‘உம்’ என்று பொருள்படும் இணைப்பு. பந்தோபஸ்தில் நடுவே இருப்பதும் அதுதான்.

ரதீஃப் ‘ரா’. இது பெரும்பாலும் நம் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’, சில இடங்களில் நான்காம் வேற்றுமையின் ‘கு’. மா-ரா, புகாரா-ரா, முஸல்லா-ரா, ஸுலைகா-ரா என்று ஒன்பது ஈரடியும் ‘ரா’விலேயே முடிகின்றன. எதைக் கொடுக்கிறார், எதை வேண்டுகிறார், எதை இழக்கிறார் என்று ரதீஃபுக்கு முன்னுள்ள சொற்களை மட்டும் நோட்டின் ஓரத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தொடர்பில்லை என்று நினைத்த கவிதைக்கு முதுகெலும்பு தெரியும்.

இங்கே ‘ஹிந்து’ மதத்தைக் குறிக்கவில்லை. இந்தியர் என்பதிலிருந்து கருநிறத்துக்கு வந்த கவிமரபுச் சொல். அதற்கு எதிர் ‘துர்க்’: வெண்ணிறம், அழகு, கொஞ்சம் கொடுமை. இரண்டையும் ஒரே ஈரடியில் உட்கார வைத்ததுதான் வித்தை. பாரசீகத்தில் ‘ஊ’ என்றால் அவன், அவள் இரண்டும். தமிழ் வினைமுற்று விடாது, ஆணா பெண்ணா என்று கேட்டே தீரும். பொருள் எழுதும்போது மேலே செய்ததுபோலப் பெயர்ச்சொல்லாலேயே சமாளியுங்கள். அவசரப்பட்டு ‘அவள்’ என்று போட்டால் பாதி வாசல் மூடிவிடும். மது உண்மை மதுவா, இறையருளா என்ற கேள்வியும் அப்படியே. திருக்கோவையாரை அகப்பாட்டாகவும் சிவன் பாட்டாகவும் படித்துப் பழகிய நமக்கு அந்த இரட்டைத்தன்மை புதிதல்ல. ‘மது என்றால் ஞானம், சாகி (மது ஊற்றித் தருபவர்) என்றால் குரு’ என்று அட்டவணை போட்டுப் படிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது ஈரடியில் ‘ருக்னாபாத் நீரோரமும் முஸல்லாவின் மலர்வெளியும் சொர்க்கத்தில் கிடைக்காது’ என்கிறார். இரண்டும் ஷீராஸில் உள்ள உண்மையான இடங்கள், அவர் அடக்கமான இடமும் அந்த முஸல்லாப் பக்கம்தான். திருமணிமுத்தாற்றைப் பற்றி இப்படி ஒருவர் எழுதியிருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்திருக்கும். இன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

மரமும் பறவையும்

படிமங்களில் நாம் சறுக்கும் இடங்கள் குறிப்பிட்டவை. புல்புல் என்றதும் ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு மேலே கொண்டையை ஆட்டும் செம்மீசைச் சின்னான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் அதற்கு இந்தியாவில் ஒட்டியது. கவிதையில் பாடுவது நைட்டிங்கேல், தோற்றத்தில் மங்கலான பழுப்புக் குருவி, ராத்திரியிலும் பாடும். காட்சிக்கு ஒன்றுமில்லாத பறவை, குரல் மட்டுமே சொத்து. ரோஜாவுக்கு முன்னால் அதன் நிலைமை இப்போது புரியும். ‘ஸர்வ்’ என்பது சைப்ரஸ் மரம், காதலரின் நிமிர்ந்த உயரம். காப்பித் தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக்கின் நேரான நிற்பு ஓரளவு பக்கத்தில் வரும், ஆனால் அதில் படரும் மிளகுக் கொடியை மனசிலிருந்து கழித்துவிடுங்கள்.

‘பஹார்’ வசந்தம் என்பதுதான் பெரிய சிக்கல். ஈரானில் மார்ச் 20, 21 வாக்கில் நவ்ரோஸோடு பனிக்காலம் முடிகிறது. சேலத்தில் அப்போது பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே அதற்கு நெருங்கிய அனுபவம் மலைமேல் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காப்பித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணந்து, இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிடும். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுப் படித்தால், ரோஜாவின் காலம் ‘ஐந்து நாள்’ என்று ஏன் புலம்புகிறார்கள் என்று விளக்கவுரை வேண்டியதில்லை.

அடுத்த கஜலாக ‘கம் மகுர்’ என்று ரதீஃப் வருவதை எடுங்கள். கவலைப்படாதே என்று பொருள், சொல்லுக்குச் சொல் ‘துக்கத்தைத் தின்னாதே’. தாளம் ஆடிமாதம்தான், நடுவில் ஒரு சீர் கூடுதல்.

மற்றவர்களை இப்போதைக்குத் தொட்டுவிட்டுப் போகலாம். ஷாநாமாவில் ருஸ்தம்-சோராப் பகுதியை மட்டும் மொழிபெயர்ப்பில் முழுசாகப் படியுங்கள், கதைக்கு மொழிபெயர்ப்பு போதும். பறவைகள் தம் அரசனைத் தேடிப் போகும் அத்தாரின் காவியத்துக்குப் போகுமுன் ஒரு சிலேடை தெரிந்திருக்க வேண்டும்: ‘ஸீமுர்க்’ பறவைகளின் அரசன், ‘ஸீ முர்க்’ முப்பது பறவை. தேடிப்போய் மிஞ்சியவை முப்பது. நிஸாமியின் லைலா-மஜ்னு (1188) நம் சினிமாவுக்கு வெகு முந்தியது, வெகு மெதுவானது. டெல்லி அமீர் குஸ்ரோ உர்து வீடுகளுக்கு ஏற்கெனவே சொந்தம். பேதிலை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டாகப் படிக்க

நான்கிலிருந்து ஆறு பேர் சரியான அளவு. ஒருவருக்கு உர்து எழுத்து தெரிந்தால் நல்லது, ஒருவருக்கு யாப்பு தெரிந்தால் இன்னும் நல்லது. முறை எளிது: ஒலிப்பதிவு மூன்று தடவை, தட்டிப் பார்ப்பது, சொல்லுக்குப் பொருள், தமிழில் ஒரே வாக்கியம், கடைசியாகப் புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் சொல்ல மற்றவர் திருத்துவது. விவாதம் அதற்கப்புறம். முதலிலேயே விவாதம் ஆரம்பித்தால் சூஃபி தத்துவம் பேசியே இரவு முடிந்துவிடும், ஈரடி அப்படியே கிடக்கும்.

14 வாரம் முடிகிற சமயத்தை டிசம்பரில் வைத்துக்கொண்டால் யல்தா இரவோடு சேரும். டிசம்பர் 20 அல்லது 21, வருஷத்தின் மிக நீண்ட இரவு. ஈரானில் குடும்பமாக உட்கார்ந்து மாதுளையும் தர்பூசணியும் தின்று, ஹாஃபிஸில் ஃபால் பார்ப்பார்கள். ஒரு கேள்வியை மனசில் நினைத்து, திவானைக் கண்ணை மூடித் திறந்து, அந்தப் பக்கத்தில் வரும் கஜலைத் தலையிலிருந்து உரக்கப் படிப்பது. இதற்கு முழுத் திவான் வேண்டும். பொறுக்கி எடுத்த தொகுப்பில் செய்தால் தொகுத்தவரின் பதில்தான் வரும். நமக்கு அப்போது மார்கழி தொடங்கியிருக்கும். ஏற்காட்டில் பனி இறங்கும், ஸ்வெட்டரும் ஃப்ளாஸ்க்கில் காப்பியும் அவசியம்.

அன்றைக்குக் கடைசியாகப் படிக்க, ஷீராஸ் துருக்கி கஜலின் ஒன்பதாவது ஈரடி: ‘கஸல் குஃப்தீ-ஓ துர் ஸுஃப்தீ, பியா-ஓ குஷ் பிகான் ஹாஃபிஸ், கி பர் நஸ்மே து அஃப்ஷானத் ஃபலக் இக்தே ஸுரையா ரா.’ கஜல் சொன்னாய், முத்தைத் துளையிட்டாய், வா, இனிமையாகப் பாடு ஹாஃபிஸ். உன் கோவைமீது வானம் சுரையா மாலையை வாரி இறைக்கட்டும். ‘நஸ்ம்’ என்றால் செய்யுள், அதற்கு முன்பே மணி கோப்பது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மணி சேர்க்கிறவர்களுக்கு இந்த உருவகத்தை விளக்க வேண்டியிருக்காது. ஒரு மணி அளவு மாறினாலும் கொலுசின் சத்தம் மாறிவிடும் என்று கைக்குத் தெரியும்.

சுரையா என்பது நம் கார்த்திகைக் கூட்டம். அந்தத் தேதியில் ராத்திரி பத்து மணி வாக்கில் அது கிட்டத்தட்ட உச்சியில், சற்று வடக்கே தள்ளி இருக்கும். மேகம் விலகியிருந்தால் ஏரிப் பக்க விளக்குகளை விட்டு ஒதுங்கி, வெளியே நின்று படியுங்கள்.